வாழைக் கன்று குடுவையில் வந்தால் மட்டும் போதுமா?

பயிரிடும் வாழைக்கு விதை கிடையாது. கிழங்கும் பக்கக்கன்றும்தான் விதை. தாய்மரத்துக்கு இருந்த நோய் கன்றோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போகும். 1889-இல் ஃபிஜியில் பதிவான முடிக்கொத்து என்ற வைரஸ் நோய், 1913-இல் ஆஸ்திரேலியாவில் தலைகாட்டி, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே வாழைத் தொழிலையே முடக்கிப் போட்டது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படும் அதே நோய்தான் பின்னர் பழனிமலையின் விருப்பாச்சி வாழையைச் சீரழித்தது.

இந்த அனுபவத்தால்தான் இன்று நாடு விட்டு நாடு போகும் வாழை பெரும்பாலும் திசு வளர்ப்புக் கன்றாகப் போகிறது. 1990-களில் இஸ்ரேலிலிருந்து வந்து இந்தியத் தோட்டங்களில் பரவிய ஜி-9 ரகமும் இந்த வழியில் வந்ததுதான்.

குடுவை எதைத் தடுக்கும்?

கன்றின் குருத்து நுனியை வெட்டி, கிருமி நீக்கி, குடுவைக்குள் சத்துக்கூழில் வளர்க்கிறார்கள். மண் இல்லாததால் நூற்புழு, கிழங்குக் கூன்வண்டு, வாடல் நோய்ப் பூஞ்சாணம் ஆகியவை கன்றோடு சேர்ந்து வருவதில்லை. பூஞ்சாணம் ஒட்டியிருந்தாலும் கூழில் படர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எதைத் தடுக்காது?

வைரஸ் செல்லுக்குள் ஒளிந்திருக்கும். குடுவையில் கன்று பச்சைப்பசேலென்றுதான் தெரியும். நோயுள்ள ஒரு தாய்க்கிழங்கிலிருந்து நோயுள்ள ஆயிரக்கணக்கான கன்றுகள் உருவாகலாம். மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழையின் மரபு கலந்த சில ரகங்களில் வாழைக் கீற்று வைரஸின் மரபுக்கூறு செடியின் மரபணுவிலேயே பதிந்திருக்கிறது. திசு வளர்ப்பின் அழுத்தம் அதைத் தட்டி எழுப்பவும் கூடும். ஆகவே நோயின்மையை உறுதி செய்வது குடுவை அல்ல, பரிசோதனை.

சோதனை எங்கே நடக்கிறது?

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழை மரபுவள மையம் 1,500-க்கும் மேற்பட்ட வகைகளைக் காக்கிறது. வைரஸ் சோதனையில் தேறியவற்றைக் குடுவைக் கன்றுகளாக ஆய்வுக்கு அனுப்புகிறது. இந்தியாவுக்குள் கன்று கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். உள்நாட்டுத் திசு வளர்ப்புக் கூடங்களுக்கு 2006 முதல் தேசியச் சான்றளிப்பு முறை இருக்கிறது. தாய்ச்செடியிலும், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலும் வைரஸ் சோதனை அதன் அடிப்படை.

விவசாயி செய்ய வேண்டியது

சான்று முத்திரையும் தொகுதி எண்ணும் இல்லாத கன்றை, விலை மலிவு என்று வாங்க வேண்டாம். வெளிநாட்டுக் கிழங்கைப் பையில் மறைத்துக் கொண்டுவருவது சட்ட மீறல் மட்டுமல்ல, ஊர்த் தோட்டங்களுக்கே ஆபத்து. சுத்தமான கன்றுக்கு நோய் எதிர்ப்பு கூடிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். அசுவினிப் பூச்சி வைரஸைக் கொண்டுவரும். டிஆர்-4 என்ற வாடல் நோய்ப் பூஞ்சாணம் குடியேறிய மண்ணில், சான்று பெற்ற ஜி-9 கன்றும் வாடும். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழித்து, மண்ணையும் கருவிகளையும் சுத்தமாக வைத்திருந்தால்தான் நல்ல கன்றுக்குக் கொடுத்த பணம் தாராகத் திரும்பும்.