இரட்டைக் கார்புரேட்டருக்குச் சம மூச்சு

1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு கூப்பே காரின் எஞ்சின் 948 கன செ.மீ. தான். நான்கு சிலிண்டர்கள். அதற்கு இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள்! (அதன் உறவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் உருவாயிற்று.)

இரண்டு எதற்கு? ஒன்றே இருந்தால், கடைக்கோடிச் சிலிண்டர்களுக்குக் கலவை வளைந்து வளைந்து போகவேண்டும். இரண்டிருந்தால் ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள இரு சிலிண்டர்களைக் கவனிக்கும். ஆனால் வண்டியில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று பின்தங்கினால் நுகத்தடி கோணும் அல்லவா? இங்கும் அதே கதைதான். எஞ்சின் குலுங்கும், பெட்ரோல் மிகவும் குறைந்த பக்கத்தில் சூடேறி வெளியேற்று வால்வு கருகவும் கூடும்.

பலர் எடுத்தவுடன் பெட்ரோல் திருகில் கை வைக்கிறார்கள். இது தலைகீழ் முறை. எஸ்.யு.வில் காற்றோட்டத்திற்கேற்ப ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அதிலுள்ள கூம்பு ஊசியே பெட்ரோலை அளந்து விடும். ஆகவே முதலில் காற்றைச் சமப்படுத்த வேண்டும்.

வால்வு இடைவெளி, தீப்பொறி நேரம் ஆகியவற்றைச் சரிபார்த்தபின் எஞ்சினைத் திறந்த வெளியில் ஓட்டிச் சூடாக்குங்கள். கொட்டகைக்குள் வேண்டாம், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. காற்று வடிகட்டிகளைக் கழற்றி, இரு திராட்டில் தண்டுகளை இணைக்கும் பிடியைத் தளர்த்துங்கள். இனி வேண்டியது இரண்டடி ரப்பர் குழாய். வில்லியனூர், பாகூர் இரும்புக் கடைகளில் கிடைப்பதே போதும். ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்தால் 'உஸ்' என்று கேட்கும். அதிகக் காற்றிழுக்கும் பக்கம் ஒலி உரத்திருக்கும். இரண்டும் ஒன்றாகும்வரை வேகத் திருகுகளை மெல்லத் திருப்புங்கள்.

பிறகுதான் பெட்ரோல். ஒரு பிஸ்டனைச் சுமார் 1 மி.மீ. உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தடுமாறி அணைந்தால் குறைவு. கணநேரம் சற்றே கூடித் தணிந்தால் சரியான அளவு. மற்றதையும் இவ்வாறே பாருங்கள்.

கடைசியில் பிடியை இறுக்கியதும் மறுபடி குழாயில் கேளுங்கள். செய்த வேலை பெரும்பாலும் கெடுவது இந்த இறுக்கலில்தான்.