பழுதான கிட்னிக்கு செல் ஊசி... பலிக்குமா?

‘கிட்னி ஃபெயிலியர்’ என்று டாக்டர் சொன்ன மறுநாளே வீட்டுக்கு ஆலோசனைகள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். ‘‘வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க’’ என்பார் ஒருவர். ‘‘ஸ்டெம் செல் ஊசி போட்டா கிட்னி புதுசா முளைச்சிடுமாமே!’’ என்பார் இன்னொருவர். டயாலிஸிஸ் மெஷினை நினைத்துக் கதிகலங்கிப் போயிருக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது பேச்சு தேனாக இனிக்கும். நகையை விற்றாவது போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இதில் நிஜம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் கிட்னி ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. பெயர் நெஃப்ரான். இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டும் திரவம் ஏறக்குறைய 180 லிட்டர்! நாம் பிறந்த பிறகு புதிதாக ஒரு நெஃப்ரான்கூட உருவாவதில்லை. பெரிய ஆபரேஷன், கடுமையான வாந்திபேதி போன்ற திடீர் அடிகளில் நெஃப்ரானின் குழாய்ச் சுவர் செல்கள் உதிர்ந்தால், அவை பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். சர்க்கரையும் பிரஷரும் வருஷக்கணக்கில் அரித்த இடத்திலோ தழும்பு விழுந்துவிடும். அதுதான் தலைவலி.

சரி, அந்த ஊசியில் இருப்பது என்ன? ஸ்ட்ரோமல் செல்கள். ‘ஸ்ட்ரோமா’ என்றால் கிரேக்க மொழியில் விரிப்பு, மெத்தை. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்த செல்கள் வளர்வதற்கு மெத்தை போட்டுத் தருகிற செல்கள் இவை. கொழுப்பிலும், தொப்புள் கொடியிலும்கூட உண்டு. மாஸ்கோ விஞ்ஞானி ஃப்ரீடன்ஸ்டைன் 1960, 70களில் இவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். 1991-ல் அமெரிக்காவின் ஆர்னால்டு கேப்லன் இவற்றுக்கு ‘ஸ்டெம் செல்’ பட்டம் சூட்டினார். வந்தது வினை! ஸ்டெம் செல் என்றாலே எதுவாகவும் மாறும், கிட்னியாகவும் மாறும் என்று ஊர் நம்பிவிட்டது. பெயரை மாற்றுங்கள் என்று 2017-ல் கேப்லனே எழுதினார். அதற்குள் விளம்பரக்காரர்கள் அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

உண்மையில் நடப்பது என்ன தெரியுமா? கை நரம்பு வழியாக ஏற்றினால் இந்த செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. சில நாட்களில் மறைந்தும் போகிறது. அப்புறம் எப்படி வேலை செய்யும்? கல்யாண வீட்டுக்கு வருகிற பெரியத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மணப்பெண் ஆகப் போவதில்லை. வந்த இடத்தில் சண்டையை அமர்த்துவார், ஆளுக்கு ஒரு வேலை ஏவுவார், மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார். இந்த செல்களும் அப்படித்தான். சில ரசாயனச் செய்திகளை வெளியிட்டு வீக்கத்தைத் தணிக்கின்றன. மிச்சமிருக்கும் செல்களைப் பிழைக்கத் தூண்டுகின்றன. புதுக் கிட்னியைக் கட்டித் தருவதில்லை.

2004-ல் இத்தாலியின் பெர்கமோ நகர ஆராய்ச்சியாளர்கள், மருந்தால் கிட்னி கெட்டுப்போன எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது கிட்னி தேறியது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலித்ததா? இதய ஆபரேஷனுக்குப் பிறகு திடீரென்று கிட்னி பாதிக்கப்பட்ட 156 பேரை வைத்து வட அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு நிஜ செல்கள், பாதிப் பேருக்கு வெறும் திரவம். முடிவு 2018-ல் வெளிவந்தது. கிட்னி தேற, செல் பெற்றவர்களுக்கு நடுத்தரக் கணக்கில் 15 நாள், பெறாதவர்களுக்கு 12 நாள். அதாவது, பலன் ஏதும் இல்லை!

அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. சர்க்கரையால் கிட்னி பாதிக்கப்பட்ட 16 பேரிடம் இத்தாலி, அயர்லாந்து, பிரிட்டன் டாக்டர்கள் நடத்திய சோதனையில், செல் பெற்ற 12 பேருக்கு ஒன்றரை வருடத்தில் கிட்னியின் சரிவு மெதுவானதாகக் கணக்கு காட்டியது. 2023-ல் வந்த நல்ல செய்திதான். ஆனால் பாருங்கள், சரிவு ‘மெதுவானது’ என்றுதான் சொல்கிறார்கள். ‘சரியானது’ என்று சொல்லவில்லை. அதுவும் 16 பேரிடம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. லூப்பஸ் நோயால் கிட்னி கெட்ட பெண் ஒருவருக்குத் தாய்லாந்தின் தனியார் கிளினிக் ஒன்றில், அவர் ரத்தத்திலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்களைக் கிட்னிக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள். ஊசி இறங்கிய இடங்களில் கட்டிகள் முளைத்தன. ஒரு கிட்னியை எடுத்தே விட்டார்கள். பிற்பாடு அவர் இறந்தும்போனார். 2010-ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. ஸ்ட்ரோமல் செல் அல்ல, வேறு வகைதான். ஆனாலும் ‘நம்ம உடம்பு செல்தானே, என்ன பண்ணிடப் போகுது’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டதிட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க அனுமதித்த நோய்ப் பட்டியலில் சிறுநீரக நோய் இல்லை. ஆராய்ச்சியாக மட்டுமே கொடுக்கலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே யாராவது உங்களிடம் லட்சங்களில் பேக்கேஜ் பேசினால், ‘‘இந்த ட்ரையலின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன, சார்?’’ என்று கேளுங்கள். பதில் திணறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கையில் எதுவுமே இல்லையா என்று சோர்ந்துவிட வேண்டாம். டாபாக்ளிஃப்ளோசின் என்ற சாதாரண மாத்திரையை 4,304 கிட்னி நோயாளிகளிடம் சோதித்து 2020-ல் முடிவு சொன்னார்கள். கிட்னி பாதிக்குமேல் செயலிழப்பது, டயாலிஸிஸ் வரை போவது, கிட்னி அல்லது இதயக் கோளாறால் இறப்பது - மாத்திரை எடுக்காதவர்களில் 14.5 சதவிகிதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது. எடுத்தவர்களில் 9.2 சதவிகிதம்தான். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் உதவியது. எல்லோருக்கும் ஒத்துவராது, நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. அடுத்த முறை கிட்னி டாக்டரிடம் போகும்போது பழைய க்ரியாட்டினின், யூரின் ஆல்புமின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய், ‘‘இது எனக்குச் சரிப்படுமா டாக்டர்?’’ என்று கேட்டுப் பாருங்கள்.