தந்தையின் அதிகாரமும் வாக்குரிமையும்: யாழ்ப்பாணத்துப் பழமைபேண் அரசியற் சிந்தனை பற்றிய ஒரு நோக்கு

அரசியலிற் புதுமையை ஐயுறுவோர் இல்லறத்திற் பெற்றோரின் அதிகாரத்தை வற்புறுத்துவோராகவும் இருத்தல் பல நாடுகளிலும் பல காலங்களிலும் காணப்படுவதொன்றாகும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, மன்னனின் அதிகாரம் தந்தையின் அதிகாரத்தினின்றும் பிறந்ததென றொபேட் பில்மர் எழுதினார். 1680 இல் அச்சேறிய அந்நூலை மறுக்கவந்த ஜோன் லொக், தந்தையின் அதிகாரம் பிள்ளைக்கு அறிவு முதிரும்வரை மாத்திரமே செல்லும் என்றார். யாழ்ப்பாணத்திலும் இவ்வினா எழுந்தது. இங்கு அது தத்துவ நூல்களிற் பேசப்பட்டதிலும் பார்க்கச் சீதன உறுதிகளிலும், பாடசாலை வாங்குகளிலும், வாக்காளர் இடாப்பிலுமே அதிகம் பேசப்பட்டது. சுன்னாகத்தையும் அதன் அயலையும் நிலைக்களனாகக் கொண்டு அதனை விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

சுன்னாகத்தைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. வரதராச பண்டிதர், முத்துக்குமாரக் கவிராயர், அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) என நீளும் மரபுக்கல்வியின் உறைவிடங்களுள் ஒன்று அது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இற் சைவ மகளிர்க்கெனக் கல்லூரி அமைத்தது அதன் அயலிலுள்ள மருதனார்மடத்திலேயாகும். நா. பொன்னையா 1930 இல் ‘ஈழகேசரி’ வார இதழைத் தொடங்கியதும் சுன்னாகத்திலேயே. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசில் ஈடுபட்டவரான ஒறேற்றர் சி. சுப்பிரமணியம் நெடுங்காலம் அதிபராயிருந்த ஸ்கந்தவரோதயக் கல்லூரியும் அருகே கந்தரோடையில் உள்ளது. பழமையைப் பேண விழைந்தோரும் அதனை உலுக்க முனைந்தோரும் ஒரே தெருவால் நடந்து திரிந்த ஊரெனலாம்.

யாழ்ப்பாணத்திற் பெற்றோரின் அதிகாரம் எதன்மீது நின்றது என்பதை முதலில் நோக்கல் வேண்டும். அன்பு, மரியாதை, அறநூற் போதனை என்பன ஒருபுறமிருக்க, அது நிலத்தின்மீதும் சொத்தின்மீதும் நின்றது. தேசாதிபதி சிமொன்ஸ் 1706 இல் இட்ட பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒல்லாந்த உத்தியோகத்தர் கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 இல் ஒப்படைத்தார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களால் ஏற்கப்பட்ட அத்தொகுப்பே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

அத்தொகுப்பிற் புதல்வர் பற்றிய விதி கவனத்துக்குரியது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை மகன் எதனையும் தன் பங்கெனக் கோர இயலாது. மணமாகாத காலத்தில் அவன் உழைத்த யாவும் குடும்பத்தின் பொதுச்சொத்தைச் சேரும். அவன் தன் உடலில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்களே அதற்கு விலக்கு. மணமுடித்து வீட்டை விட்டு நீங்கிய பின்னரும், பெற்றோர் இறக்கும்வரை அவ்வுழைப்பை அவன் மீளக் கேட்க முடியாது. பெற்றோர் விட்டுச்சென்ற கடனை அடைத்தலும் அவனது கடமையே. மகளோ சீதனத்துடன் வெளியேறுவாள். அதனைப் பெற்றபின் பெற்றோரின் ஏனைய சொத்தில் அவளுக்குப் பங்கில்லை. தேசவழமை காட்டும் குடும்பத்திலே மகன் உழைப்பாளி, மகள் சீதனத்தின் வழி, தந்தை இரண்டுக்கும் நிருவாகி என்று சொன்னால் அது மிகையன்று.

எனினும் அவ்வதிகாரம் கட்டற்றதன்று. இதனைப் பழமையைப் போற்றுவோரும் மறந்துவிடுகின்றனர். அதனைச் சாடுவோரும் மறந்துவிடுகின்றனர். மனைவியை இழந்த தந்தை மறுமணஞ் செய்ய விரும்பின், பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டன் பாட்டியர் பொறுப்பேற்பது வழக்கம். அவ்வேளை தாயின் சீதனத்தையும் தேடிய தேட்டத்தின் பாதியையும் அவன் பிள்ளைகளுக்காக ஒப்படைத்தல் வேண்டும். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பாகுபாடே, எந்தச் சொத்து எவ்வழி வந்தது என்பதைத் தந்தை மறக்காதிருக்கச் செய்த ஏற்பாடுதான். அன்றியும் அவ்வதிகாரத்துக்கு ஒரு முடிவெல்லை இருந்தது. பெற்றோர் மறைந்தபின் புதல்வர் பங்கிட்டுக்கொள்வர். பின்னர் அவர்களே தந்தையராவர். கடமையும் முடிவெல்லையும் உள்ள அதிகாரம் அது.

இங்கே மற்றொன்றையும் குறிப்பிடல் வேண்டும். பிள்ளைகளைப் பற்றிப் பேசும் அதே தொகுப்பு அடிமைகளைப் பற்றியும் தனிப்பகுதியிற் பேசுகின்றது. அடிமைமுறை 1844 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் வளவுக்குள் பிள்ளையும் மனைவியும் ஒருவகையாலும், குடிமைத்தொழில் செய்தோர் வேறொருவகையாலும் வீட்டுத் தலைவனுக்கு உட்பட்டவர் என்ற எண்ணம் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. பின்னாளில் வாக்குரிமை பற்றிய விவாதத்திற் பெண்களும் தாழ்த்தப்பட்ட சாதியினரும் ஏன் ஒரே மூச்சிற் பேசப்பட்டனர் என்பது இதனால் விளங்கும்.

இனி இராமநாதனிடம் வருவோம். 1851 இற் பிறந்து 1930 நவம்பரில் மறைந்த அப்பெருமகன் எளிதில் ஒரு பெயருக்குள் அடங்குபவரல்லர். 1915 இற் கலவரத்தின்பின் துன்புற்ற சிங்கள மக்களுக்காக வாதாடியவர். ஊர்வழக்கைத் தாண்டி அவுஸ்திரேலியப் பெண்மணியை மணந்தவர். யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்களுக்கு உயர்தரக் கல்வி வேண்டுமெனத் தம் செல்வத்தைச் செலவிட்டவர். அவர் நிறுவிய மகளிர் கல்லூரிக்கு முதல் அதிபராக அமர்ந்தவர் புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கில நாடக நடிகை. இவர் யேற்ஸ், பெர்னாட் ஷா ஆகியோரின் நண்பர். தற்காலப் பெண்ணின் நோக்கங்களைப் பற்றி 1910 இல் நூலெழுதியவர். அத்தகையவரைச் சைவப் பெண்களுக்கு ஆசிரியையாக அமர்த்தியதைப் பழமைவாதியின் செயலென்று எவரும் சொல்லார். 1927 நவம்பரில் வாலிபர் காங்கிரசின் அழைப்பின்பேரில் யாழ்ப்பாணம் வந்த காந்தி அக்கல்லூரி மாணவியரிடையேயும் பேசினார்.

அந்த நவம்பரிலேதான் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அக்காலத்திற் சொத்து, வருமானம், எழுத்தறிவு என்னுந் தகைமைகளால் மக்களுள் நூற்றுக்கு 4 பேர் அளவினரே வாக்காளராயிருந்தனர். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கம் சர்வசன வாக்குரிமை கோரியது. அவ்வாண்டின் இறுதியில் அமைந்த மகளிர் வாக்குரிமைச் சங்கமும் ஆணைக்குழுவின் முன் சென்றது. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே என்ற கருத்தில் அச்சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். ஆணைக்குழு ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை வழங்க விதந்துரைத்தது. இறுதியில் 21 என்பதே இருபாலார்க்கும் விதியாயிற்று.

இராமநாதன் இதனை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்களித்தலை மறுத்தார். வேளாளரல்லாத சாதியினர்க்கும் அதனை நீட்டுதல் இந்து சமுதாய ஒழுங்கைக் குலைத்துக் கும்பலாட்சிக்கு இடந்தருமென வாதிட்டார். 1929 டிசம்பரிற் சட்டநிரூபண சபை 19 க்கு 17 என்ற வாக்குகளால் அத்திட்டத்தை ஏற்ற பின்னரும் ஓயாது, எண்பதை எட்டும் வயதில் இலண்டன் சென்று முறையிட்டார். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்குவதாற் சிறுபான்மையினர் நலிவர் என்பது அவரது எதிர்ப்பின் மற்றொரு பகுதி. அதனை வரலாறு பொய்யாக்கிவிடவில்லை. நேர்மையான ஆய்வாளர் இதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் அவ்வச்சமும், தம்மூர்ப் பெண்ணுக்கும் தம்மூர்த் தொழிலாளிக்கும் வாக்கு மறுத்தலும் ஒன்றல்ல. முன்னையது தமிழர் நிலை பற்றிய அரசியல் வாதம். பின்னையது வளவுக்குள் நின்ற அதிகாரத்தை நாட்டுக்கு நீட்டும் முயற்சி.

இராமநாதன் தம் வாதத்தைத் தந்தை–பிள்ளை உவமையில் அமைத்தார் என்பது என் கருத்தன்று. வாதத்தின் அமைப்பு அத்தகையது என்பதே என் கருத்து. கற்றோரும் உடையோரும் தீர்மானிப்பர். ஏனையோர் நன்மை அவர்களாற் பேணப்படும் என்பது அதன் சாரம். இங்கேதான் தேசவழமைத் தந்தைக்கும் அரசியற் ‘தந்தைக்கும்’ உள்ள வேறுபாடு புலனாகின்றது. முன்னவன் சீதனம் கொடுக்கக் கடமைப்பட்டவன், தாய்வழிச் சொத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன், ஒருநாள் பங்கிட்டு விடைபெற வேண்டியவன். அரசியல் மேலாண்மை கோரியோரோ அதிகாரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு கடமையையும் முடிவெல்லையையும் வீட்டிலேயே விட்டுவிட்டனர். அவர்கள் கருதிய பிள்ளைக்குப் பராயமடையும் நாள் குறிக்கப்படவேயில்லை. பழமையைக் காத்ததாகச் சொல்லப்படுவது உண்மையிற் பழமையைப் பாதியாக வெட்டியதேயாகும்.

பாடசாலைகளில் நிகழ்ந்தவையும் இதனையே காட்டுகின்றன. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ வெளியிலோ இருத்தப்பட்ட நிலையை மாற்றி, அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் யாவரும் சமமாக அமர வேண்டுமென 1920 களின் இறுதியில் விதிக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் பலர் வெகுண்டெழுந்தனர். 1930 அளவிற் பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. என் பிள்ளை எவரோடு அமர்வது என்பதை நானே தீர்மானிப்பேன் என்பது பெற்றோர் உரிமை போலத் தோன்றும். வாங்கில் ஏற்றப்பட்ட மற்றப் பிள்ளைக்கும் பெற்றோர் இருந்தனர். அவர்களின் உரிமையை அந்நாளில் எவரும் பெற்றோர் உரிமையென்று பேசவில்லை.

பழமைக்கு எதிர்நின்றோர் 1924 டிசம்பரில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பினர். ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றார். தீண்டாமையை எதிர்த்தல், தாய்மொழியைப் பேணல், பூரண சுயராச்சியம் கோரல் என்பன அவர்களின் நிலைப்பாடுகள். டொனமூர்த் திட்டம் சுயராச்சியம் தரவில்லையென்று 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலை அவர்கள் பகிஷ்கரித்தனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. முதியவர் வாக்குரிமை மிகையென்று திட்டத்தை வெறுத்தனர். இளைஞர் விடுதலை குறையென்று வெறுத்தனர். விளைவு ஒன்றே. முதன்முதல் வாக்குப்பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணும் கூலியாளும் 1934 வரை வாக்களிக்கக் காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில், 1932 இல், நேசம் சரவணமுத்து என்னுந் தமிழ்ப்பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றுவிட்டார்! 1934 இற் காங்கேசன்துறைத் தொகுதி தேர்ந்தெடுத்தவர் சு. நடேசன், அவர் இராமநாதனின் மருமகன். சர்வசன வாக்குரிமை வந்தவுடன் கும்பலாட்சி வரவில்லை. பெரிய வீட்டின் பிடி உடனே தளரவுமில்லை.

அப்பிடி தளர்ந்தது வேறு வழியால். அரசாங்க உத்தியோகமும் மலாயாச் சம்பளமும் மகனின் கையிற் காசாக வந்தபோது, தந்தையின் காணி ஒன்றே வாழ்வுக்கு வழி என்ற நிலை நீங்கியது. 1911 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனிச்சொத்தை ஏற்றது. ஆனால் அவள் அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்ற நிபந்தனையையும் வைத்தது. ‘ஈழகேசரி’யில் இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் போன்றோர் சிறுகதை எழுதத் தொடங்கியபோது, வீட்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்கள் அச்சில் இடம்பெறலாயின. இருந்தும் பழைய விதி முற்றாக மறையவில்லை. 1983 இன் பின் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற மகன், சகோதரியின் சீதனத்துக்கெனப் பணம் அனுப்பிவிட்டுத் தன் மணத்தைத் தள்ளிப்போட்டானே, அவன் எந்தச் சட்டத்தாலும் கட்டுண்டவனல்லன். 1707 ஆம் ஆண்டு ஏட்டில் எழுதப்பட்ட மகன் தொரன்டோவிலும் பாரிசிலும் உழைத்தான்.

அரசும் இவ்விடயத்தில் இருமனத்தோடேயே நடந்துகொண்டது. வாக்களிக்கும் வயது 1959 இல் 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பராய வயதோ 1989 வரை 21 ஆகவே இருந்தது. முப்பது ஆண்டுகளாக நாட்டின் அரசாங்கத்தைத் தெரிய வல்லவராகக் கருதப்பட்ட இளைஞர், தம் காணியை ஈடுவைக்க வல்லவராகக் கருதப்படவில்லை. அதேவேளை பொதுச்சட்டத்தின்கீழ்ப் பெண்ணின் ஆகக்குறைந்த மணவயது 1995 வரை 12 ஆக இருந்தது. வாக்குக்கு முதிராதவள் மணத்துக்கு முதிர்ந்தவளானாள் என்பதை என்னென்பது?

அந்த முப்பது ஆண்டுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் அதிகாரம் வேறொரு வகையிற் சிதறியது. 1971 இன் பின் வந்த தரப்படுத்தல், கல்வியால் மகனை உயர்த்தலாம் என்ற பெற்றோரின் உறுதிமொழியை முறித்தது. எண்பதுகளில் இளைஞர் பலர் வீட்டாருக்குச் சொல்லாமலே இயக்கங்களிற் சேர்ந்தனர். பின்னர் ஆயுதந் தரித்தோரே ஊருக்கு ஒழுக்க விதிகளை வகுத்தனர்; பராயமடையாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டனர். வளவுத் தலைவனிடமிருந்து விடுபட்ட அதிகாரம், கணக்குக் காட்டும் கடமை இன்றியே மீண்டும் தந்தையின் குரலிற் பேசியது. இராமநாதனின் கருத்துக்கு எதிர்முனையில் நின்றோர் எனக் கருதப்பட்டவரிடம் அக்குரல் கேட்டமை முற்போக்காளர் ஆராயவேண்டிய விடயமாகும்.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர் சபை விவாதங்களோடு நின்றுவிடலாகாது. சுன்னாகம், உடுவில், மல்லாகம் ஆகிய ஊர்களிற் சென்ற நூற்றாண்டில் எழுதப்பட்ட சீதன உறுதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தல் வேண்டும். எந்த ஆண்டு முதல் தாயின் காணிக்கு ஈடாகச் சகோதரனின் பணம் உறுதியில் இடம்பெறுகின்றது, எந்த ஆண்டு முதல் மகளின் கையொப்பம் பெருவிரல் அடையாளத்தின் இடத்தைப் பிடிக்கின்றது என்பன அவற்றிலே காணக்கூடியவை. போரில் அழிந்தவை போக எஞ்சியவை இன்னும் நொத்தாரிசு வீடுகளிலும் காணிப்பதிவகத்திலும் உள்ளன.