கியோட்டோ மலையில் ஓடலாம், வாங்க!

ஜப்பான் போய் வந்தவர்கள் வீட்டில் ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கியோட்டோ பக்கம் வந்ததும் தங்கத் தகடு போர்த்திய கோயில், வரிசையாகச் சிவப்பு வளைவுகள், கிமோனோவில் நடந்து போகிற பெண்கள் என்று படம் படமாக இருக்கும். அந்தப் படங்களுக்கெல்லாம் பின்னால் பச்சையாக ஒரு மலை தெரிகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த மலைக்குள்ளே ஓடலாம்.

"ஓடுவதா? எனக்கு நாற்பத்தெட்டு வயசு. முட்டி வேற தகராறு பண்ணுது" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். காலையில் பார்க்கில் நாலு சுற்று வேகமாக நடந்து, அதில் ஒரு சுற்று மெதுவாக ஓடவும் முடிகிற யாருக்கும் இந்த மலைப் பாதை எட்டும். பிள்ளையோ பெண்ணோ அங்கே வேலையில் இருந்து, டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டால் பெட்டியில் ஒரு ஜோடி ஷூவையும் போட்டுக் கொள்ளுங்கள்.

கியோட்டோ 794-ல் தலைநகரமானது. 1869-ல் சக்கரவர்த்தி டோக்கியோவுக்குக் குடிபோகும் வரை, ஆயிரம் வருஷத்துக்கு மேல் அரண்மனை இருந்த ஊர். கிழக்கு, வடக்கு, மேற்கு என்று மூன்று பக்கமும் மலை. தெற்கு மட்டும் திறந்த வாசல். அந்த மூன்று பக்க மலைகளையும் கோத்துக் கொண்டு 'கியோட்டோ இஷ்ஷூ ட்ரெயில்' என்று ஒரு பாதை போகிறது. இஷ்ஷூ என்றால் ஒரு சுற்று. சிவப்பு வளைவுகளுக்குப் பேர் போன ஃபுஷிமி இனாரியில் கிளம்பி, கிழக்கே ஹியே மலை ஏறி, வடக்கே ஒஹாரா, குராமா தாண்டி, தகாவோ வழியாக இறங்கி, மேற்கே அராஷியாமாவையும் தாண்டி முடிகிறது. மொத்தம் சுமார் 83 கிலோமீட்டர்.

83-ஆ என்று மலைக்க வேண்டாம். இதைத் துண்டு துண்டாகத்தான் எல்லாரும் போகிறார்கள். பாதை அடிக்கடி ஏதாவது ஒரு ரயில் ஸ்டேஷன் பக்கமோ, பஸ் ஸ்டாப் பக்கமோ வந்து தலைகாட்டிவிட்டுத் திரும்பவும் காட்டுக்குள் போகும். முடியவில்லையா, அடுத்த ஸ்டேஷனில் ரயிலேறி ரூமுக்குப் போய்விடலாம். புதிதாக ஓட வருகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வழிநெடுக எண் போட்ட கம்பங்கள் வேறு. தாண்டுகிற கம்பத்தின் எண்ணை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். ஏதாவது ஆகி 119-க்கு போன் பண்ண நேர்ந்தால், ஜப்பான் மொழி தெரியாத நமக்கு இருக்கிற இடத்தைச் சொல்ல அந்த எண்தான் துணை.

ஒரே ஒரு துண்டுதான் போக முடியும் என்றால் தகாவோவிலிருந்து ஹோஸுக்கியோ ஸ்டேஷன் வரை போங்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தகாவோ. அங்கே ஜிங்கோஜி என்று ஒரு பழைய கோயில். கல் படிகள் ஏறி மேலே போனால், சின்னச் சின்ன மண் தட்டுகள் விற்பார்கள். வாங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்து வீசினால் பீடை ஒழியும் என்பது நம்பிக்கை. வீசிவிட்டு அதே பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் கியோதாக்கி ஆறு. இனி ஆறு போகிற வழியே நம் வழி. இரண்டு பக்கமும் செடார் மரங்கள், அளவெடுத்து நட்ட மாதிரி நெட்டுக்குத்தலாக. பாறையில் மோதித் திரும்புகிற தண்ணீர்ச் சத்தம். நவம்பர் பாதிக்கு மேல் போனால் மேப்பிள் இலைகள் குங்குமம் கொட்டியது போலச் சிவந்து கிடக்கும். சும்மா சொல்லக் கூடாது, கால் தானாக மெதுவாகிவிடும். ஆகட்டுமே!

கடைசியில் இந்த ஆறு ஹோஸு ஆற்றோடு கலக்கிறது. கூழாங்கல் தெரிகிற தண்ணீர் பெரிய ஆற்றில் சேருகிற அந்த இடத்தில் பத்து நிமிஷம் உட்காராமல் வராதீர்கள். ஹோஸு ஆற்றில் 1606-ல் சுமினோகுரா ரியோய் என்கிற வியாபாரி பாறைகளை உடைத்துப் படகு வழி திறந்தார். மரமும் நெல்லும் வந்த அதே வழியில் இன்று டூரிஸ்ட் படகுகள் வருகின்றன. கொஞ்ச தூரத்தில் ஹோஸுக்கியோ ஸ்டேஷன். பிளாட்பாரமே ஆற்றுப் பாலத்தின் மேல்தான் இருக்கிறது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காட்டில் ஓடப் போகிறவர்கள் எல்லாரும் பயப்படுவது ஏற்றத்துக்கு. உடம்பைப் பதம் பார்ப்பது என்னவோ இறக்கம்தான்.

ஏற்றத்தில் ஓடவே வேண்டாம், நடங்கள். கூடவே பேசிக் கொண்டு வர முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 848 மீட்டர் உயரமுள்ள ஹியே மலையில் என்ரியாகுஜி மடத்துத் துறவிகள் ஒரு விரதம் இருக்கிறார்கள். ஏழு வருஷத்தில் ஆயிரம் நாள் மலை சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாமல், கடைசி வருஷத்தில் 80-ஐயும் தாண்டி. காலில் வைக்கோல் செருப்பு. வெளிநாட்டுக்காரர்கள் இவர்களுக்கு 'மாரத்தான் துறவிகள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பார்த்தால் அவர்கள் ஓடுவதே இல்லை. வழியில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் இடங்களில் நின்று கும்பிட்டுவிட்டு, விறுவிறுவென்று நடக்கிறார்கள், அவ்வளவுதான். சகாய் யூசாய் என்கிற துறவி நாற்பதுகளின் பாதிக்கு மேல் இதைத் தொடங்கி 1980-ல் முடித்தார். போதாதென்று மறுபடியும் ஆரம்பித்து 1987-ல், அறுபதாவது வயதில், இரண்டாம் முறையும் முடித்தார். 87 வயசு வரை வாழ்ந்தார். (இந்த விரதத்தில் ஒன்பது நாள் சோறு, தண்ணீர், தூக்கம் மூன்றும் இல்லாமல் இருக்கிற கட்டமும் உண்டு. அந்தப் பக்கம் நாம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம்.)

அதே ஹியே மலையிலிருந்து நான் குஷியாக ஓடி இறங்கினேன். இறங்கும்போது மூச்சே வாங்காது, காற்று முகத்தில் அடிக்கும், பதினெட்டு வயசு திரும்பின மாதிரி இருக்கும். மறுநாள் காலை ஓட்டல் மாடிப்படியில் இறங்கக் கால் வைத்தேன், 'அம்மா' என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு பின்பக்கமாகத்தான் படி இறங்கினேன்.

காரணம் இதுதான். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை பிரேக் போடுகிறது. அதாவது, நீண்டு கொண்டே உடம்பு பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் நாலைந்து நாளில் தானே சரியாகிவிடும். ஆனால் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், வீட்டில் உட்கார்ந்து தைலம் தேய்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு தடவை அளவாக இந்த வலியை வாங்கிக் கொண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைச் சுலபமாகத் தாங்கும். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு நாள் இறங்கிப் பழகுங்கள். மாடிப்படி போதும், மேம்பாலத்துச் சரிவு போதும். மலைக்கோயில் படி இருக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். இறங்கும்போது எட்டு வைப்பது குட்டையாக இருக்கட்டும். முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். உடம்பைப் பின்னால் சாய்த்துக் கொண்டு குதிகாலைக் குத்திக் குத்தி இறங்கினால் அடி முழுக்க முட்டிக்குத்தான். பார்வை கட்டைவிரலில் வேண்டாம், நாலைந்து அடி முன்னால் இருக்கட்டும். ஷூ லேஸை இறக்கத்துக்கு முன்னால் ஒரு தடவை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் கால் முன்னால் வழுக்கி வழுக்கி நகம் கறுத்துவிடும்.

முட்டி நிஜமாகவே மோசமா? ஹியே மலைக்கு நடந்து ஏறிவிட்டு, இறங்குவதற்குக் கேபிள் ரயிலில் டிக்கெட் எடுங்கள். 1925-லிருந்து ஓடுகிறது. 561 மீட்டர் உயரத்தை அது பார்த்துக் கொள்ளும். குளிர்காலத்தில் சில மாதம் ஓடாது, விசாரித்துக் கொள்ளுங்கள்.

பாசி பிடித்த கல்லும், நனைந்த மரவேரும் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். கணுக்கால் பிசகிவிட்டால், எழுந்து நாலு அடி எடுத்து வைத்துப் பாருங்கள். நாலு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் முனையை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். சுளுக்கு என்று நினைத்து உருவிவிடுவது கூடவே கூடாது.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். நல்லது என்று லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மயக்கம் வரும். சாப்பாட்டுக்கு, ஊறுகாய் போட்ட உமெபோஷி பழத்தை நடுவில் வைத்துப் பிடித்த சோற்றுருண்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் தயிர்சாத ஊறுகாய்க்கு அண்ணன் மாதிரி புளிப்பும் உப்பும். சைவக்காரர்கள் மட்டும் உள்ளே மீன் இல்லையே என்று கேட்டு வாங்குங்கள்.

ஷுகருக்கு இன்சுலினோ, ஷுகரை இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் குளுக்கோஸ் பாக்கெட்டைச் சட்டைப் பையில், கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட ஷுகர் இறங்கலாம். ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். பி.பி., ஷுகர், புகைப் பழக்கம், குடும்பத்தில் இருதய நோய் இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டே போட வேண்டும். ஏற்றத்தில் நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்து, நின்றதும் சரியாகிறது என்றால் அதை வாயு என்று சமாதானம் சொல்லிக் கொள்ளாதீர்கள்.

வடக்குப் பக்க மலைகளில் கரடி உண்டு. 2023-லும் 2025-லும் ஜப்பானில் கரடி தாக்குதல்கள் ரொம்பவே கூடிவிட்டன. உள்ளூர்க்காரர்கள் பையில் ஒரு மணி கட்டிக் கொண்டு போவார்கள். நீங்களும் கட்டுங்கள், தனியாகப் போகாதீர்கள். பெருமழை, சூறாவளிக்குப் பிறகு பாதை மூடியிருக்கும். 2020 ஜூலையில் மண் சரிந்து, குராமாவுக்குப் போகிற ரயில் வழி திரும்பத் திறக்க 2021 செப்டம்பர் ஆயிற்று. போகிற அன்றைக்கு விசாரிப்பது நல்லது.

இன்னொன்று. காட்டில் சும்மா நடந்து மூச்சு விடுவதற்கு 'ஷின்ரின்யோகு', அதாவது வனக் குளியல் என்று 1982-ல் பேர் வைத்தவர்கள் ஜப்பான்காரர்கள். அந்த வனத்திலேயே ஒரு வம்பும் இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு நாடு முழுக்க நட்டுத் தள்ளிய செடார் மரங்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மகரந்தத்தைக் கொட்டும். அங்கே பத்துப் பேரில் நாலு பேருக்கு அந்தத் தும்மல். ஆஸ்துமா உள்ளவர்கள் செர்ரிப் பூ ஆசையில் அந்த மாதங்களில் மலைக்குள் ஓடப் போனால் இன்ஹேலரை ரூமில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். என்னைக் கேட்டால் நவம்பர். மத்தியானம் மூன்று மணிக்கே பள்ளத்தாக்கில் வெயில் போய்விடும், ஐந்துக்குள் இருட்டிவிடும். காலை எட்டு மணிக்கு தகாவோவில் இருந்தால், பகல் சாப்பாட்டுக்கு ஹோஸுக்கியோ பாலத்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்துவிடலாம்.