பழைய கணிப்பொறிக்கு இலேசான லினக்ஸ்

விண்டோஸ் 10 இயக்க முறைக்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கோ 4 ஜிபி நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் தேவை. சித்தூரிலோ திருப்பதியிலோ உள்ள சிறு அச்சகமும் பள்ளியும் இத்தகுதியற்ற பழைய கணிப்பொறியைக் கழிவாக ஒதுக்குமுன், இலேசான லினக்ஸ் வகைகளைச் சோதித்துப் பார்ப்பது சிக்கனமான வழியாகும்.

சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பென் டிரைவ் மட்டுமே. அதில் லினக்ஸைப் பதித்து, அதிலிருந்தே பொறியை இயக்கலாம். நிறுவும் ஆணையைக் கொடுக்காதவரை வன்தட்டிலுள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, குறிப்பாக அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். 2003-இல் தோன்றிய பப்பி லினக்ஸ் நினைவகத்தில் ஏறி இயங்குவது. ஆன்டிஎக்ஸ் மிகப் பழைய பொறிகளுக்கும் ஏற்றது. 2 ஜிபி இருப்பின் லுபுண்டு போதும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், இரு மொழி விசைப்பலகைகளையும் செலவின்றிச் சேர்த்துக்கொள்ள முடிவது சிறிய வசதியன்று. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் இந்திய மொழிகளை முன்னிறுத்தியதே. ஆயினும் அது இவற்றைப்போல் இலேசானதன்று.

இயக்க முறை இலேசாயினும் இணையப் பக்கங்கள் இலேசாவதில்லை; 1 ஜிபி நினைவகத்தில் உலாவி திணறவே செய்யும். 32-பிட் பொறிகளுக்கான வாய்ப்பும் சுருங்கிவருகிறது: 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. பேஜ்மேக்கரை நம்பியுள்ள அச்சகங்கள், இணையத் தொடர்பு நீக்கிய விண்டோஸ் பொறி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.