வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குடிகள் ஆதியில் பயிரிட்டது. நீலகிரியில் அது வேரூன்றக் காரணமாயிருந்தவர் 1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன். அதன்பின் படகர் முதலிய மலைக் குடியானவர்கள் அதைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டனர். இன்று ஒரு சென்ட் கொல்லையுள்ள மலைக் குடும்பமும் இதனைப் பயிரிட்டு, வீட்டுச் செலவுக்குப் போதுமான கிழங்கை எடுக்கலாம்.

இரவு குளிர்ச்சியாயிராத இடங்களில் இச்செடி இலையும் தண்டுமாகத் தழைக்குமேயன்றிக் கிழங்கு வைக்காது. ஆகையால் சமவெளியிலுள்ளோர் இதில் பணத்தைப் போட வேண்டுவதில்லை. ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில் மாத்திரம் பனிக்காலத்தில் முயன்று பார்க்கலாம். நீலகிரியில் பாசனமுள்ள இடத்திற்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களும், மானாவாரிக்கு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களும், இரண்டாம் போகத்திற்கு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களும் நடவுக்கு ஏற்றவை.

கணக்கு மிகவும் எளிது. வரிசைக்கு வரிசை 18 அங்குலமும் செடிக்குச் செடி 8 அங்குலமும் விட்டால், ஒரு செடிக்கு ஒரு சதுர அடி நிலம் ஆகிறது. நடக்க வழி விட்டது போக ஒரு சென்டில் 400 செடிகள் நிற்கும். கோழிமுட்டைப் பருமனுள்ள விதைக்கிழங்கு 40 முதல் 50 கிராம் எடையிருக்குமாதலால், ஏறக்குறைய 18 கிலோ விதை வேண்டும். நன்கு பேணிய கொல்லையில் 60 முதல் 80 கிலோ வரை மகசூல் கிடைக்கும். ஆகவே விளைவதில் நாலிலொரு பங்கு விதைக்கே போகிறது. பஞ்ச காலத்தில் அப்பங்கைச் சமைத்துத் தின்றுவிடும் வீடு, அடுத்த போகத்திற்குச் சந்தையில் கண்ட கிழங்கை வாங்கி நடுகிறது. கேடு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அக்கேடுகளுள் முதன்மையானது நூற்புழு. 1961-ஆம் ஆண்டில் நீலகிரியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. இதன் பெண்புழு வேரிலேயே தங்கி மடிந்து, தன் உடலையே முட்டைக்கூடாக ஆக்கிவிடுகிறது. கசகசாவினும் சிறிய அக்கூடு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிரில்லாவிடினும் அவை மண்ணில் இருபது வருஷம்வரை உயிரோடிருக்கக் கூடும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண், பழைய சாக்கு, அயலாரிடம் இரவல் வாங்கிய மண்வெட்டி, இவற்றின் வழியாகவே புழு புதிய கொல்லைக்கு வந்து சேருகிறது. மருந்தடித்து அடியோடு ஒழிக்க இயலாது. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தமிழ்நாட்டு விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்லலாகாதெனத் தடைசெய்ததற்கும் இப்புழுவே காரணம். நட்ட இரண்டு மாதங்களில், வாடி மஞ்சளாகும் ஒரு செடியை வேரோடு மெல்லப் பிடுங்கி நீரிலலசிப் பார்த்தால், வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ சிறுமணிகள் வேரில் ஒட்டியிருப்பது தெரியும். அவ்விதம் கண்டால் சில வருஷங்களுக்கு அந்நிலத்தில் உருளைக்கிழங்கையும், அதன் இனமாகிய தக்காளி, கத்தரியையும் நிறுத்திவிட்டு, முட்டைக்கோசு, காரட், பீன்ஸ் இவற்றை மாற்றிப் பயிரிட வேண்டும். பின்னர் நடுவதானால் 1985-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட குப்ரி சுவர்ணா போன்ற, புழுவைத் தாங்கும் இரகமே நலம். பெரிதும் பரவியுள்ள குப்ரி ஜோதிக்கு அச்சக்தி இல்லை.

சான்றுபெற்ற விதையை ஒரு வீட்டார் தனியே வாங்குவது சிரமம். பத்து வீட்டார் சேர்ந்து தங்கள் சங்கத்தின் மூலம் தருவித்துப் பங்கிட்டுக்கொண்டால் வண்டிக்கூலியும் குறையும், விதையின் பிறப்பிடமும் தெரியும்.

விதையை நடுமுன் நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் பரப்பி வைத்தால் குட்டையான பச்சை முளைகள் வரும். இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு, தொட்டவுடன் ஒடியும். முழுக்கிழங்காக நடுவதே உத்தமம். பெரிய கிழங்கை வெட்ட நேரிட்டால், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண்கள் இருக்க வேண்டும். வெட்டுவாயில் சாம்பல் தடவி, இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட வேண்டும். வெட்டிய இடத்தில் வளையமாகப் பால்போன்ற நீர் கசியுமானால் அது வாடல் நோய். அக்கிழங்கை எரித்துவிட்டுக் கத்தியையும் கொதிநீரில் கழுவுக.

சென்டுக்கு 60 கிலோ மக்கிய தொழுவுரமிட்டு, நாலங்குல ஆழத்தில் நட்டு, செடி அரையடி உயர்ந்ததும் ஒரு முறையும், பின்னர் மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் மண் அணைக்க வேண்டும். இதைச் சோம்பலால் விடுவோர் அநேகர். கிழங்கு என்பது வேரன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டின் பருத்த நுனியே. ஆதலால் அத்தண்டு வெளிச்சத்தைக் கண்டால் கிழங்காகாமல் இலைக்கொம்பாக மாறிவிடும். வெயில் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும். அதிலுள்ள சோலனின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. பச்சை பாய்ந்த கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மூடுபனியும் தூறலும் தொடர்ந்தால் இலையோரத்தில் கரிய நனைந்த புள்ளிகள் தோன்றும். இந்த இலைக்கருகல்தான் 1845 முதல் அயர்லாந்தில் பயிரையழித்துப் பெரும்பஞ்சத்தை உண்டாக்கியது. சில நாட்களில் கொல்லை முழுதும் கரிந்துபோகும். புள்ளி காணுமுன்பே போர்டோ கலவை தெளிப்பது நலம். பத்து லிட்டர் தண்ணீரில் பாதியில் மயில் துத்தம் 100 கிராமும், மறுபாதியில் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. இரும்புப் பாத்திரம் உதவாது. துலக்கிய கத்தியை அதில் சற்று நேரம் வைத்து எடுத்தால் செம்பு படியலாகாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லையென்று அறிந்து இன்னும் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

மூன்று முதல் நான்கு மாதங்களில் இலை மஞ்சளாகும். நன்றாய் விளைந்து நோயற்று நின்ற செடிகளை அதற்கு முன்பே குச்சி நட்டு அடையாளம் செய்தால், அடுத்த விதை அவற்றினின்றே கிடைக்கும். சுருண்ட இலையுள்ள செடியின் கிழங்கு விதைக்காகாது. தழையை அறுத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்து, ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். தோல் உரியுமானால் இன்னும் பொறுக்க வேண்டும். மண் உலர்ந்த நாளில், கவைமுள்ளால் செடிக்குச் சற்று விலகிக் குத்தித் தோண்டினால் காயம் படாது. காயம்பட்டவற்றை முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்த கிழங்கைக் கழுவாமல், நிழலில் பத்து நாளுக்குக் குறையாமல் ஆறவைத்து, காற்றோட்டமுள்ள இருண்ட அறையில் மூங்கில் தட்டிமேல் பரப்புக. கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சி அணுகாதபடி உலர்ந்த உண்ணியிலையையோ தைல மரத்திலையையோ ஓரங்குல கனத்திற்கு மேலே போடுவது மலைப்பகுதிகளில் பலன் தந்த முறையாகும். வாரம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, அழுகியது ஒன்றிருந்தாலும் அதையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றையும் அப்பொழுதே நீக்கிவிட வேண்டும்.