சுங்கைப்பட்டாணி நிலையமும் இரட்டைத் தண்டவாளமும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த நகரம் சுங்கைப்பட்டாணி. சாமான் வாங்கவும், திருவிழாக் காலத்தில் உறவினரைக் காணவும் நம்மவர் நாடிச் செல்லும் ஊர் அது. அதன் இரயில் நிலையத்தையும், அங்கு வந்து செல்லும் இரயில்களையும், அவற்றால் நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கத்தையும் இங்குக் காண்போம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே இடப்பட்ட இருப்புப்பாதை, சுங்கைப்பட்டாணியைக் கடந்து 1915ஆம் ஆண்டில் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் பாடாங் பெசாரில் சயாம் நாட்டுப் பாதையோடு இணைந்தது. அன்று இருந்தது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு இரயில்கள் வருமாயின், ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும்.

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் தூரத்திற்கு மின்சார இரட்டைப் பாதை அமைக்கும் பணி 2014இல் நிறைவுற்றது. 2015 ஜூலை முதல் இருவகை மின்சார இரயில்கள் இப்பாதையில் ஓடுகின்றன. பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே ஓடும் கொமியூட்டர், குரூண், அலோர் ஸ்டார் முதலிய நிலையங்களில் நின்று செல்லும். இதற்கு இருக்கை எண் கிடையாது. கோலாலம்பூருக்குச் செல்லும் இ.டி.எஸ். முக்கிய நிலையங்களில் மட்டுமே நிற்கும். நாளும் இருக்கையும் குறித்து முன்பதிவு செய்தல் வேண்டும்.

ஒற்றைப் பாதைக் காலத்தில், ஓர் இரயில் சென்றபின் தண்டவாளத்தைக் கடப்பது பலரின் வழக்கம். இன்று அவ்வழக்கம் உயிரைப் பறிக்கும். ஓர் இரயில் நம் கண்ணை மறைத்துச் செல்கையிலேயே, அடுத்த பாதையில் எதிர்த்திசையிலிருந்து மற்றோர் இரயில் வரக்கூடும். முதல் இரயிலின் ஓசை அதன் ஓசையை அமுக்கிவிடும். இ.டி.எஸ். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை விரையும். அதாவது பத்து விநாடிகளில் ஏறத்தாழ 390 மீட்டர். இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருள்வதால் பிடிமானம் குறைவு. ஆகவே, ஓட்டுநர் நம்மைக் கண்டவுடன் தடை போட்டாலும் இரயில் உடனே நிற்காது.

மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. கம்பியைத் தொடாவிட்டாலும், மிக நெருங்கிய பொருள்மீது மின்சாரம் பாயும். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பைத் தோளில் சுமந்து செல்வோர், பாதையருகிலும் மேம்பாலத்தின் மீதும் அதனை உயர்த்திப் பிடித்தலாகாது. பிள்ளைகள் அங்குப் பட்டம் விடுவதையும் பெற்றோர் தடுத்தல் வேண்டும்.

இதனாலன்றோ பழைய இரயில்வே கேட்டுகள் நீக்கப்பட்டு, மேம்பாலங்களும் கீழ்ப்பாதைகளும் அமைக்கப்பட்டன! வேலியில் துளையிட்டுக் குறுக்கே செல்வதால் மிஞ்சுவது சில நிமிடங்களே. மேம்பாலம் சற்றுத் தொலைவாயினும், வீட்டில் நமக்காகக் காத்திருப்போரை எண்ணி அவ்வழியே நடப்போமாக.